கைவலை பிடித்த துளசிங்கம்

துளசிங்கத்துக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்த அன்று பீர்க்கன்காரணையில் அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எந்த ஊரில் வேலை என்பதைப் பாயசம் தீர்ந்த பிறகுதான் படித்துப் பார்த்தார்கள். நீலகிரி மலையில், எமரால்டுக்கும் அப்பால், பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்து ஜீப்பில் ஏறிப் போக வேண்டிய ஒரு நீர்மின் முகாம்.

அது எண்பத்து நான்காம் ஆண்டு. அதுவரை அவர் தாம்பரம், ஊரப்பாக்கம் பக்கம் தினக்கூலியாகக் குழி தோண்டிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். நிரந்தரம் என்ற சொல்லுக்காகப் பல வருடம் காத்திருந்தவர். அந்தச் சொல் கிடைத்ததும் மற்றதெல்லாம் தற்காலிகம் ஆகிவிட்டது என்பது அவருக்கு உடனே விளங்கவில்லை. மனைவி அங்காளம்மாளுக்கும் விளங்கவில்லை. "ஊட்டியா? சினிமாவுல டூயட் பாடுவாங்களே, அந்த ஊரா?" என்று கேட்டாள்.

"அக்கா, மொதல்ல ஸ்வெட்டரு வாங்கு, அப்பறம் பாடு," என்றான் அவள் தம்பி துரை. அவன் அவர்களோடுதான் இருந்தான்.

முதல் கோடையில் அங்காளம்மாள் கைக்குழந்தை காமுவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். முகாமில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். சுவரில் எப்போதும் ஈரம். விரித்த பாய் விடிந்தால் நனைந்திருக்கும். போன சில நாளிலேயே குழந்தைக்கு இளைப்பு கண்டது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஊட்டியில் பார்த்த மருத்துவர், இந்தக் குளிர் இந்த நெஞ்சுக்கு ஆகாது, கீழே கொண்டுபோங்கள் என்றார். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏற்றிவிட வந்த புருஷனிடம் அங்காளம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நாங்க இனிமே மேல வர முடியாது. நீதான் கீழ வரணும். கொயந்த வளர்றதுக்குள்ள வந்துடு. அப்பறம் வந்து ஒண்ணும் ஆவப் போறதில்ல."

வந்துவிடுகிறேன் என்றார். அடுத்து வந்த வருடங்களெல்லாம் இந்த ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே கழிந்தன, அல்லது அப்படிக் கழிந்ததாக அவர் நம்பினார்.

தனியாக விடப்பட்டவன் தனக்குக் கைவந்த ஒன்றைத் தேடிப் போவான். துளசிங்கத்துக்குக் கைவந்தது தூண்டில். பீர்க்கன்காரணை ஏரியில் கெண்டையும் விராலும் பிடித்து வளர்ந்தவர். அங்கே முறை எளிது. கரையில் குந்தி, தக்கையை மிதக்கவிட்டு, மீன் தன்னைத் தேடி வரும்வரை சும்மா இருக்க வேண்டும். முகாமுக்குக் கீழே ஓடும் ஓடையில் டிரவுட் மீன் இருக்கிறது, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது என்று ஜீப் ஓட்டும் லாசரஸ் சொன்னதும், ஒரு கழியை வெட்டிக்கொண்டு இறங்கினார்.

ஓடையில் அந்த முறை செல்லவில்லை. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. பாறைமேல் நின்ற அவருடைய நிழல் விழுந்த கணமே மீன்கள் மறைந்தன. தக்கை போட்ட இடத்தில் நிற்காமல் ஓடிப்போய்க் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. லாசரஸ் மேலே சாலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பரங்கிமலைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"இன்னா மச்சான், ஒரு கெண்டகூடக் காணும்?"

"தண்ணி நிக்க மாட்டேங்குதுடா."

"நிக்கறதுக்கு அது இன்னா தாம்பரம் ஸ்டேஷனா? ஓட. அது ஓடும். நீதான் நடக்கணும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் துளசிங்கம் நடந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஓடையின் போக்குக்கு எதிராக மேலே மேலே போனார். மீன் எப்போதும் நீரோட்டத்தைப் பார்த்துத் தலைவைத்து நிற்கிறது, ஆகவே கீழிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, குனிந்து வர வேண்டும் என்பதைப் பல ஞாயிறுகள் தோற்ற பிறகு கண்டுகொண்டார். சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் தண்ணீர் ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கும், அங்கே மீன் இராது. இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் ஒன்றில் மட்டும் இருக்கும். சீகை மரம் சாய்ந்து கிடக்கும் மடுவில் வெயில் ஏறும்வரை இருக்கும். ஒரு ஓடை பழகியதும் மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குப் போனார். புதிய ஊருக்கு வந்தவன் அங்கே நாலு பேரைத் தெரிந்துகொண்டு அந்த ஊரை அறிவான். துளசிங்கத்துக்கு நாலு பேர் தெரியாது. மீன் நிற்கும் இடங்களாகவே அந்த மலையை அறிந்தார்.

முகாமின் பொறியாளர் பட்டாபிராமன். இடமாற்றத்துக்கு அவர் சிபாரிசு செய்தால்தான் எதுவும் நகரும். பீர்க்கன்காரணையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரி வற்றும் காலத்தில் ஊரே சேற்றில் இறங்கி மீன் பிடிக்கும். கிடைத்ததில் பெரிய விரால் ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போகும். கொடுப்பவன் எதையும் கேட்க மாட்டான், வாங்குபவர் எதையும் சொல்ல மாட்டார். அடுத்த போகத்தில் அவன் கழனிக்கு மடைத் தண்ணீர் முதலில் வரும். வாய்விட்டுக் கேட்பவனுக்குத்தான் கடைசி முறை. துளசிங்கம் இதைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு ஞாயிறு காலையில் மண்புழு போட்டுப் பிடித்த ஒரு டிரவுட்டை இலையில் சுற்றிக்கொண்டு பொறியாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். பட்டாபிராமன் முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாதவர் என்பது அந்த முகாமில் துளசிங்கம் ஒருவருக்குத்தான் தெரியாது.

"என்னய்யா இது?"

"மீனு சார். ஒங்களுக்குத்தான். உயிரோட புடிச்சது."

உள்ளேயிருந்து பொறியாளரின் மனைவி, "ராம ராமா, வாசல்லயே வச்சுப் பேசுங்கோ," என்றார்.

பட்டாபிராமன் குனிந்து இலையை விரலால் விலக்கிப் பார்த்தார். "எதைப் போட்டுப் பிடிச்சே?"

"மண்புழு சார்."

"லைசென்ஸ் இருக்கா?"

"மீனுக்கா சார்?"

பொறியாளர் சிரித்துவிட்டார். "ஒரே காலைல நாலு தப்புய்யா. லைசென்ஸ் இல்லை. புழு போடக் கூடாது, பூச்சிதான் போடணும். இது பிடிக்கிற சைஸும் இல்லை. நாலாவதா, இதை என் வீட்டுக்குக் கொண்டுவந்தே பாரு." சிரிப்பு அடங்கியதும் கதவைச் சற்றுச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது போகட்டும். எந்த மடுவுல கிடைச்சுது?"

பட்டாபிராமன் மீன் உண்ண மாட்டார், பிடிப்பார். ஊரைவிட்டுப் போன தோட்டத்துரை ஒருவர் தந்த தூண்டில் ராடும் ரீலும் அவரிடம் இருந்தன. ஊட்டியில் முறையாக உரிமம் வாங்குவார். இறகையும் நூலையும் கொண்டு முள்ளின்மேல் கட்டிய பொய்ப் பூச்சிகளை ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். பிடித்த மீனை உடனே தண்ணீரில் விட்டுவிடுவார். மறு ஞாயிறு முதல் துளசிங்கம் அவருடன் போனார். மீன் நிற்கும் மடுவைக் காட்டுவதும் கைவலை பிடிப்பதும் அவர் வேலை. பொறியாளர் இழுத்துவரும் மீனை வலையில் ஏந்த வேண்டும். கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுக்க வேண்டும். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டிப் பிடித்திருந்து, அது தெளிந்து வாலை அடிக்கும்போது கையைத் திறக்க வேண்டும். துளசிங்கம் இதை நன்றாகச் செய்தார். தானும் பூச்சி கட்டக் கற்றார். இரண்டு வருடத்துக்குள் பொறியாளரைவிடக் கொஞ்சம் மோசமாகவும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவும் தூண்டில் வீசினார்.

ஒருநாள் பாறைமேல் உட்கார்ந்து தயிர்சாதம் தின்னும்போது கேட்டார். "சார், தப்பா நெனைக்காதீங்க. திங்கறதுக்கும் இல்ல, விக்கறதுக்கும் இல்ல. வாயக் குத்தி இஸ்து, அப்பறம் உட்டுர்றோம். இது இன்னா தர்மம் சார்?"

"நான் கொல்றதில்லையே. விட்டுடறேனே."

"அதுக்கு வலிக்காதா?"

"விட்டதும் மறந்துடும்யா."

பட்டாபிராமன் கெட்டவர் அல்ல. தன் கையால் ஓர் உயிரும் போனதில்லை என்று உண்மையாகவே நிம்மதியாக இருந்தார். செய்த தீங்கைத் தானே நிறுத்திக்கொண்டால் அது தீங்கில் சேராது என்று எண்ணுகிற நல்லவர்கள் உலகில் நிறைய உண்டு. அவர்கள் கையில் இருப்பவர்களுக்குத்தான் அவர்களைப் பற்றி வேறு எண்ணம் இருக்கும்.

முதல் வருடம் முடிந்ததும் துளசிங்கம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். "தாம்பரத்தாண்ட ஒரு எடம் காலியா கீதாம் சார். கொயந்தைக்கு ஒடம்பு சரியில்ல, மேல கூட்டியாற முடியாது."

"பார்க்கலாம்யா. சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தது. மழை முடியட்டும் என்றார். மழை முடிந்ததும் அடுத்த சீசன் வந்துவிட்டது. துளசிங்கம் மேலும் வற்புறுத்தவில்லை. பெரிய மனுஷரை நச்சரிக்கக் கூடாது, அவருக்கு வேண்டியவனாக இருந்தால் தானே நடக்கும் என்று இருந்தார். அவர் வேண்டியவராக ஆக ஆகக் காரியம் தள்ளித் தள்ளிப் போயிற்று.

லாசரஸின் காரியம் வேறு மாதிரி முடிந்தது. கிறிஸ்துமஸ் அன்று குடித்துவிட்டு ஜீப்பைத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறக்கிக் கவிழ்த்தான். இவன் இங்கே வேண்டாம் என்று செங்கற்பட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். பெட்டி கட்டும்போது அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாத்தியா மச்சான், வூட்டாண்டயே போட்டுட்டானுங்க. வேலைக்கு ஆவாதவன்னு பேரெடு, ஒடனே தொரத்திடுவானுங்க. ஒன்ன மாதிரி வல புடிச்சிகினு நின்னா, சாவற வரைக்கும் புடிச்சிகினே கெட."

"அவரு நல்ல மனுசன்டா. செய்வாரு."

"செய்வாரு, செய்வாரு. காமு பேரன் காது குத்துக்குக் கண்டிப்பா செய்வாரு."

துளசிங்கம் அவனைத் திட்டி அனுப்பினார். ஆனால் அவன் சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இங்கே அவர் பக்கத்துக்குச் சாதகமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் வருத்தத்தோடு எழுந்ததில்லை. விடியலில் புல்மேல் உறைபனி நொறுங்க நடப்பதும், மடுவுக்குள் ஒரு கருநிழல் அசைந்து மேலே வருவதைப் பார்ப்பதும் அவருக்குப் பிடித்திருந்தன. பொங்கலுக்கு ஊர் வந்தால் இரண்டு நாள் இருப்பார், மூன்றாம் நாள் துரையைப் பிடித்து உட்காரவைத்து எந்தப் பூச்சிக்கு எந்த மீன் வரும் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். அங்காளம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருப்பாள். ஒருமுறை, "ஒடம்புதான் வந்து கீது, ஆளு வரல," என்றாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

அந்த வருடங்களில் ஏரியின் கரையோரம் மனைக்கற்கள் முளைத்தன. துரை தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தான். காமு நடந்தாள், பேசினாள், பள்ளிக்குப் போனாள். எல்லாவற்றையும் துளசிங்கம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். தொண்ணூற்றொன்றில் பொங்கல் விடுப்பு முடியும் தறுவாயில், பின்கட்டில் காமு அம்மாவிடம் கேட்பது அவர் காதில் விழுந்தது.

"இவரு எப்பமா போவாரு?"

குழந்தையின் குரலில் வெறுப்பு இல்லை. அவருக்காக நகர்த்திய கட்டிலைத் திரும்பப் பழைய இடத்தில் எப்போது போடலாம் என்பதுபோல ஒரு சாதாரணக் கேள்வி அது. அவர் கேட்டுவிட்டுப் பையைக் கட்டினார்.

மலைக்குத் திரும்பிய சில வாரத்தில், ஒரு சிற்றருவி விழும் மடுவுக்கு இருவரும் போனார்கள். அந்த மடுவில் முழங்கை நீள மீன் ஒன்று இருந்தது. பட்டாபிராமன் அதை முந்தைய சீசன்களில் இரண்டு முறை பிடித்து விட்டிருந்தார். கீழ்த்தாடையில் தழும்பு. அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார். திங்கட்கிழமை அலுவலகத்தில், "பெரியவர் கண்ணுல பட்டாராய்யா?" என்று விசாரிப்பார். துளசிங்கத்தின் மகள் பெயர் அவருக்குத் தெரியாது.

அன்று பெரியவர் மாட்டிக்கொண்டது. ராடு வளைந்தது. பட்டாபிராமன் குழந்தைபோல் கத்தினார். துளசிங்கம் தொடை அளவு குளிர்ந்த தண்ணீரில் வலையோடு நின்றார். எந்த நேரத்தில் கேட்கக் கூடாதோ அந்த நேரத்தில் கேட்டார்.

"சார், தாம்பரம் விசயம் இன்னா சார் ஆச்சி?"

"இப்பவாய்யா அது? வலையைப் பிடி, வலையைப் பிடி!"

மீன் வலைக்குள் வந்தது. பட்டாபிராமனின் முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. துளசிங்கத்தின் தோளைத் தட்டினார். "உன்னை விட்டா இந்த மலைல எனக்கு யாருய்யா இருக்கா? நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் நீ எங்கயும் போக முடியாது, சொல்லிட்டேன்."

அன்போடுதான் சொன்னார்.

துளசிங்கம் கையை நனைத்துக்கொண்டார். முள்ளை எடுத்தார். மீனைத் தண்ணீருக்குள் நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்தார். செவுள் திறந்து மூடியது. வால் ஒருமுறை, பிறகு பலமாக அடித்தது. கையைத் திறக்க வேண்டிய நேரம் அது. அவர் மீனை வெளியே எடுத்து, பக்கத்துப் பாறையில் அதன் தலையை ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"ஏன்யா?" என்றார் பட்டாபிராமன். பிறகு இன்னொரு முறை, மெல்ல, "ஏன்யா?"

"கொழம்பு வெக்க சார்."

பொறியாளர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்பதைத் துளசிங்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டாபிராமன் எழுந்து ராடைத் தானே மடக்கிக்கொண்டு போகும்போது, "நீ இனிமே என் கண்ணுல படக் கூடாது," என்றார்.

பட்டாபிராமனுக்குப் பழிவாங்கத் தெரியாது. கண்ணில் படாமல் போனால் அவருக்குப் போதும். ஆகவே கேட்ட இடத்துக்கே அனுப்பினார். அந்த மாதக் கடைசிக்குள் தாம்பரத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. மீனைத் துளசிங்கம் பிடித்த அன்றே சமைத்து வரிசை வீட்டுக்காரர்களோடு பகிர்ந்து உண்டார். கொன்றதை எறியக் கூடாது என்பதற்காக. அதைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் சொன்னதெல்லாம், அது புளிக் குழம்புக்கு ஏற்ற மீன் இல்லை என்பதுதான்.

வீட்டுக்கு வந்த அன்று மாலை எல்லோரும் கூடியிருக்கும்போது இந்தக் கதையைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பாறையில் அடித்ததைக் கையை ஓங்கிக் காட்டினார். துரை தொடையில் தட்டிச் சிரித்தான். "செம மாமா! கொழம்பு வெக்கன்னு சொன்னே பாரு, அங்கதான் நிக்கறே!"

அங்காளம்மாள் சிரிக்கவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அந்த லாசரசுன்னு ஒருத்தரு, ஜீப்ப கவுத்தவரு. அவரு எப்ப கீழ வந்தாரு?"

"அது ஆச்சி. காமு நடக்க ஆரம்பிச்ச வருசம்."

"அப்ப ஒனக்கு அப்பவே தெரியும். அவங்களுக்கு வேணாதவனா ஆனா அனுப்பிடுவாங்கன்னு."

"அது எப்புடிமே? அந்த மீனு அப்பலாம் இல்லியே."

"எந்த மீனா இருந்தா இன்னா? வாராவாரம் ஒண்ணு ஒன் கைலதானே இருந்துச்சி."

துரை சிரிப்பதை நிறுத்தினான். துளசிங்கத்திடம் ஒரு பதில் இருக்கத்தான் செய்தது. அந்த ஓடைகளைவிட்டு வர அவருக்கு மனமில்லை என்பதுதான் அது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. பட்டாபிராமன் தன்னைப் பிடித்து வைத்திருந்தார் என்று இத்தனை காலம் சொல்லிவந்ததில் பாதி, தானே மலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என்பதை, மலையில் ஓடைகளைத் தேடிப் போன நாளிலெல்லாம் தெரியாமல், பூண்டுத் தோல் பறக்கும் கூடத்தில் தெரிந்துகொண்டார். தெரிந்துகொள்வதால் எதுவும் திருந்திவிடும் என்பதில்லை.

அங்காளம்மாள் சண்டை போடவில்லை. அவருக்கு வேளைக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். வீட்டில் எதைப் பற்றியும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத் துரையிடம் கேட்டாள். துளசிங்கம் முடிச்சூர் சாலையில் புதிதாக வந்த மனைகளுக்கு மின் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தார். தூண்டிலைத் தொடவில்லை. யாரும் தொட வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

மறு வருடம் காமு வகுப்பில் ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டாள். வீட்டில் பெரியவர்களை அழைத்து வா என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். துளசிங்கம் வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை அணிந்து, தலைவாரி, வாசலில் தயாராக நின்றார். காமு பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்ததும் சற்றுத் தயங்கினாள்.

"நீங்க இருங்கப்பா. எதுக்கு ஒங்களுக்குச் சிரமம்? மாமா வருவாரு. டீச்சருக்கு மாமாவைத்தான் தெரியும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். துரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். காமு, "சீக்கிரம் போ மாமா, பெல் அடிச்சிடப் போவுது," என்று அவன் முதுகில் குத்திக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

துளசிங்கம் அவர்கள் தெரு திரும்பும்வரை நின்றார். வீட்டுக்குள் அங்காளம்மாள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அன்று முழுவதும் அவருக்கு வேறு வேலை இல்லை. சற்று நேரம் கழித்து, அந்த இஸ்திரிச் சட்டையோடு, வர முடியாது என்று சொல்லிவைத்த வேலைக்கே போனார்.